ஈ, தா, கொடு



ஒன்றைக் கேட்பதற்கு மூன்று சொல் உண்டு என்பார் தொல்காப்பியர். தாழ்ந்தவன் 'ஈ' என்பான். ஒத்தவன் 'தா' என்பான். உயர்ந்தவன் 'கொடு' என்பான். எச்சவியலில் வரும் இந்த இலக்கணத்தை ஆண்டுதோறும் வகுப்பிற் சொல்லி வருகிறேன். அது வங்கிக் கடனுக்கும் பொருந்தும் என்பதைப் பனிச்சங்கேணியில்தான் படித்தேன்.

களப்பில் இறாலும் நண்டும் பிடிக்கும் நான்கு குடும்பத்தார், பெரிய ஐஸ் பெட்டியும் தராசும் வாங்கக் கடன் கேட்க நினைத்தார்கள். ஐஸ் இல்லாவிட்டால் பிடித்த இறாலை அன்றே, வந்த வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டும். "சேர், நல்ல தமிழில ஒரு திட்ட முன்மொழிவு எழுதித் தாங்க" என்றார் அவர்களில் மூத்தவர். 'வறுமையில் உழலும் எங்கள்மீது தாங்கள் கருணை கூர்ந்து' என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதி வாசித்துக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"வட்டியோட திருப்பிக் குடுக்கப் போறம் சேர். இது பிச்சை கேக்கிற மாதிரி இருக்கே?"

வெட்கமாய்ப் போயிற்று. 1919இல் எட்டயபுரம் மன்னருக்குச் சீட்டுக்கவி எழுதிய பாரதி, வறுமையிலும் கவியரசராக நின்றே கேட்டார். அதையும் வகுப்பிற் சொல்கிறவன் நான்தான்!

அடுத்த முறை கந்தோர்த் தமிழில் எழுதினேன். 'கொள்வனவு செய்யப்படும்', 'விற்பனை மேற்கொள்ளப்படும்'. செயப்பாட்டுவினை மிடுக்காகத்தான் இருந்தது. ஆனால் யார் வாங்குவார், யார் விற்பார், தவணையை யார் கட்டுவார் என்பது அதில் எங்குமே இல்லை. கடன் கொடுப்பவர் முதலில் தேடுவது அந்த எழுவாயை அல்லவா?

மூன்றாவதை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'நாங்கள் பிடிக்கிறோம். ஐஸ் பெட்டி இருந்தால் மறுநாள் வாழைச்சேனைக்கு நாங்களே கொண்டுபோய் விற்போம். மாரியில் தொழில் குறையும். அந்த மாதங்களில் தவணையைக் குறைத்துத் தாருங்கள்.' தொல்காப்பியரின் 'தா' தானாகவே வந்து உட்கார்ந்துவிட்டது. எங்கள் பலவீனத்தை நாங்களே சொல்வதா என்று அந்தக் கடைசி வாக்கியத்தை வெட்டப் பார்த்தேன். அவர் விடவில்லை. முகாமையாளர் முதலிற் பேசியது அதைப் பற்றித்தான்.

கேட்டதிற் பாதி கிடைத்தது. மீதிக்கான கடிதத்தை அவரே எழுதப் போகிறாராம். எழுத்துப் பிழை பார்ப்பது மட்டும் என் வேலை.