கிணறு சொன்ன புத்தி



"அப்பா, நாம பிரான்ஸ்லதான இருக்கோம்?"

எகிசைம் என்ற சிற்றூரின் தெருமுனையில் நின்றுகொண்டு என் மகன் கேட்டான். பத்து வயதுப் பையன். சுவரில் பதித்திருந்த பலகையில் தெருவுக்கு இரண்டு பெயர்கள்: மேலே பிரெஞ்சு, கீழே ஜெர்மன் சாயலில் இன்னொன்று. ஊர்ப் பெயரும் ஜெர்மன் மாதிரிதான் ஒலிக்கிறது. ஆனால் ரொட்டிக் கடை அம்மா பேசுவது பிரெஞ்சு. குழம்பாமல் என்ன செய்வான்?

பிரான்சின் கிழக்கு ஓரத்தில், ரைன் ஆற்றுக்கும் வோஷ் மலைத்தொடருக்கும் நடுவே கிடக்கும் நீளவாக்கான நிலம் அல்சாஸ். அதன் தலைநகரான ஸ்ட்ராஸ்பூரில் என் தங்கை குடும்பம் இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, அவள், அவள் கணவர், என் மனைவி, மகன், கம்பத்திலிருந்து வந்திருந்த என் அம்மா என எல்லோரும் ஒரே வண்டியில் கிளம்பினோம். மலையடிவாரத்துத் திராட்சை ஊர்களை ஒன்றாகக் கோத்துக்கொண்டு 170 கிலோமீட்டர் போகும் சாலை ஒன்று அங்கே இருக்கிறது. 'ஒயின் சாலை' என்று பெயர் சூட்டி 1953-ல் அதைத் திறந்தார்கள். ஒரே நாளில் முழுவதையும் பார்க்க முடியாது. நாங்கள் பார்த்தது மூன்று ஊர்கள்தான்.

எகிசைமின் தெருக்கள் வெங்காயத்தை அறுத்த மாதிரி வட்டத்துக்குள் வட்டமாக இருக்கின்றன. எங்கே நடக்க ஆரம்பித்தாலும் சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வோம். மரச்சட்டம் அடித்த வீடுகள். மஞ்சள், நீலம், செங்காவி எனச் சுவர்கள். கூரை உச்சியில் சுள்ளிகளால் கட்டிய பெரிய கூடு ஒன்று காலியாகக் கிடந்தது. செங்கால் நாரையின் கூடு. நம் சத்திமுற்றப் புலவர் மனைவிக்குத் தூது அனுப்பினாரே, அந்த நாரைதான். கோடை முடியும்போதே நாரைகள் பலவும் தெற்கே கிளம்பிவிடுகின்றன. 1970-களில் இங்கே அவை அநேகமாக அற்றே போய்விட்டன. குஞ்சுகளை வளர்த்துப் பழக்கித்தான் ஊரார் மறுபடி கூரைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஊரைத் தாண்டினால் திராட்சைத் தோட்டம். அம்மா வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் கேட்டது, "என்ன, பந்தலே போடலையா?"

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பந்தலில்தான் கொடி ஓடும். குலை கீழே தொங்கும். இங்கே வரிசையாக வேலி கட்டியது போல, நின்ற நிலையில் கொடி. குளிர்தேசத்தில் வெயில் அருமை. சரிவான நிலத்தில் ஒவ்வொரு இலைக்கும் வெயில் பட வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. நமக்கோ குலைக்கு நிழல் தேவை, அதனால் பந்தல்.

ஆனால் மலை செய்யும் வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைக் கேரளத்துப் பக்கமே கொட்டவைத்துவிட்டுக் கம்பத்துக்கு மிச்சத்தைத்தான் அனுப்புகிறது. வோஷ் மலையும் அப்படித்தான். அட்லாண்டிக் பக்கமிருந்து வரும் மேகத்தை மேற்கிலேயே பிழிந்துவிடுகிறது. கிழக்கு அடிவாரத்தில் இருக்கும் கோல்மார் பிரான்சிலேயே மழை குறைந்த நகரங்களில் ஒன்று.

ஒரு வீட்டு முற்றத்தில் டிராக்டர் பெட்டி நிறையப் பழம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் பிசுபிசுப்பு, குளவிகள், புளிக்கத் தொடங்கிய வாசனை. தோட்டக்காரர் ஒரு குலையைப் பறித்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாயில் போடவில்லை, முகர்ந்து பார்த்தார். "இது நம்ம பன்னீர் வாசனையில்ல!" அது மஸ்கட் வகை. கம்பத்துப் பன்னீர் திராட்சையும் மஸ்கட் குடும்பம்தான். பத்து வார்த்தை பிரெஞ்சு தெரியாத என் அம்மாவுக்கு மூக்கு போதுமாயிருந்தது. பெரியவர்களுக்கு ஒரு விரற்கடை ஒயின், பிள்ளைக்கும் அம்மாவுக்கும் திராட்சைச் சாறு, வண்டி ஓட்டும் மாப்பிள்ளைக்கு வெறும் வாசனை.

நேயர்களே, மகன் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. 1870-ல் இங்கே ஒரு குழந்தை பிறந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பிறக்கும்போது பிரெஞ்சுக்காரர். 1871-ல் ஜெர்மனி வென்று எடுத்துக்கொண்டது. முதல் உலகப் போர் முடிந்ததும் மறுபடி பிரான்ஸ். 1940-ல் ஹிட்லரின் ஜெர்மனி. பிரெஞ்சு பேசவே தடை. 1945-ல் திரும்பவும் பிரான்ஸ். வீட்டு வாசற்படியைத் தாண்டாமலே ஒரு மனிதர் நான்கு முறை நாடு மாறியிருப்பார். 1942 முதல் அல்சாஸ், பக்கத்து மோசெல் பகுதி இளைஞர்கள் சுமார் 1,30,000 பேரை ஜெர்மன் படையில் கட்டாயமாகச் சேர்த்தார்கள். 'எங்கள் விருப்பத்துக்கு மாறாகப் போனவர்கள்' என்ற பொருளில் அவர்களுக்கு இன்றும் பிரெஞ்சில் ஒரு பெயர் உண்டு.

கோல்மாரில் வாய்க்காலோர வீடுகளைப் பார்த்தபின், அட்மிரல் ப்ருவா என்ற கடற்படைத் தளபதியின் சிலைக்குப் போனோம். அமெரிக்காவின் சுதந்திர தேவி சிலையை வடித்த பார்த்தோல்டி 1834-ல் பிறந்தது இந்த ஊரில்தான். ப்ருவா சிலையும் 1864-ல் அவர் செய்தது. பீடத்தைச் சுற்றி அவர் வைத்த உருவங்களில் ஒன்று, முகத்தில் சோகம் படிந்த ஓர் ஆப்பிரிக்கர். இளவயதில் இந்த முகத்தின் எதிரே வந்து வந்து நின்றவர், ஆப்பிரிக்காவில் மருத்துவமனை தொடங்கிய ஆல்பர்ட் ஷ்வைட்சர். ஆப்பிரிக்காவை நினைக்க வைத்தது அந்தக் கல்முகம் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1940-ல் நாஜிகள் அந்தச் சிலையை உடைத்தார்கள். இன்று நிற்பது போருக்குப் பின் புதிதாகச் செய்தது.

ஷ்வைட்சர் 1875-ல் பிறந்த கைசர்ஸ்பெர்க் எங்கள் கடைசி ஊர். போகும் வழியில் பென்விர் என்ற ஊர் வந்தது. மரச்சட்ட வீடு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எல்லாம் போருக்குப் பிந்தைய கட்டடங்கள். 1944-45 குளிர்காலச் சண்டையில் ஊரே தரைமட்டமானது. பக்கத்தில் சிகோல்சைம் குன்றின் மேல், பிரான்சுக்காக இறந்த வீரர்களின் கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. அவர்களில் ஏராளமானோர் வட ஆப்பிரிக்கர். கல்லறைகளைச் சுற்றிலும் திராட்சைதான்.

மருத்துவராகி, 1913-ல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காபோனுக்குப் போய் லம்பரேனேயில் மருத்துவமனை தொடங்கினார் ஷ்வைட்சர். மறு ஆண்டு போர் மூண்டது. அவர் பிறந்தபோது அல்சாஸ் ஜெர்மனியிடம் இருந்ததால் அவர் ஜெர்மானியர். எனவே பிரெஞ்சுக்காரர்கள் அவரையே காவலில் வைத்தார்கள். 1917-ல் பிரான்சுக்குக் கொண்டுவந்து முகாமில் அடைத்தார்கள். 1952-ன் அமைதி நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது அவர் பிரெஞ்சுக் குடிமகன்.

அவர் ஊரில் 1618-ல் கட்டிய கிணறு ஒன்று இருக்கிறது. அதன் மேல் செதுக்கியிருப்பதைத் தங்கை கணவர் தட்டுத் தடுமாறிப் படித்துச் சொன்னார். சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தால் வயிறு குளிர்ந்துபோகும், நல்ல பழைய ஒயினை அளவாகக் குடி, என்னைத் தண்ணீராகவே விட்டுவிடு என்று கிணறே சொல்கிறதாம்.

"இது எந்த பாஷை?" என்றான் மகன்.

"பழைய ஜெர்மன்."

"அப்ப யாரும் அழிக்கலையா?"

தெருப்பெயரை மாற்றினார்கள், ஆளின் பெயரைக்கூட மாற்றினார்கள், சிலையை உடைத்தார்கள். இந்தக் கிணற்றின் மேல் யாரும் கை வைக்கவில்லை. ஒயினைப் பற்றிய புத்திமதியாயிற்றே, எந்த ஆட்சிக்கும் அதில் மறுப்பு இருந்திருக்காது என்றார் மாப்பிள்ளை.

அம்மாவுக்கு மட்டும் மறுப்பு இருந்தது. "நல்ல கிணறுப்பா இது, தண்ணி குடிக்காதேங்குது" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, கிணற்றுத் திண்டிலேயே உட்கார்ந்து, அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தார்.