வானிலிருந்து தெரியும் பச்சை

(கொல்கத்தாவில் கட்சி ஊழியர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் தமிழாக்கம்)



உலகிலேயே அதிக நிலக்கரி வெட்டியெடுக்கும் கோல் இந்தியாவின் தலைமையகம் இந்நகரில்தான் உள்ளது. இங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் இராணிகஞ்ச். 1774இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் நாட்டின் நிலக்கரிச் சுரங்கத் தொழில் தொடங்கியது அங்குதான். வெட்டி முடித்த நிலத்தில் பசுமையை மீட்பது சுரங்க நிறுவனத்தின் கடமை. புல்லும் தீவனமும் வளரும் நிலையில் நிலம் விடப்பட வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாக்குமாறு 2020 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. கடமை நிறைவேறியதா என்பதை யார், எப்படி அளக்கிறார்கள்?

கோல் இந்தியாவின் திட்டமிடல் துணை நிறுவனமான ராஞ்சியின் சி.எம்.பி.டி.ஐ., 2008 முதல் திறந்தவெளிச் சுரங்கங்களைச் செயற்கைக்கோள் படங்கள் மூலம் கண்காணிக்கிறது. நிலக்கரியும் அதன்மேல் மூடியுள்ள மண்ணும் பாறையும் சேர்த்து ஆண்டுக்கு 50 லட்சம் கன மீட்டருக்கு மேல் அகற்றும் சுரங்கங்கள் ஆண்டுதோறும் ஆய்வுக்குள்ளாகின்றன. சிறியவை மூன்றாண்டுக்கு ஒருமுறை. வெட்டப்படும் பகுதி, நிரப்பப்பட்ட பகுதி, மரம் நடப்பட்ட பகுதி எனப் பிரித்துக் காட்டப்படுகின்றன.

பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இந்த வேறுபாட்டிலிருந்து கணக்கிடப்படுவதே தாவரக் குறியீடு. இக்கருவியை இகழ வேண்டியதில்லை. மரம் நட்டதாக எழுதப்பட்ட இடத்தில் வெறும் பாறை கிடந்தால் படம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் குறியீடு பச்சையை அளக்கிறதேயன்றி, காட்டை அளப்பதில்லை. தாமோதர் பள்ளத்தாக்கின் காடு சால், இலுப்பை, புரசு, பீடி இலை மரங்களால் ஆனது. சந்தால் பெண்கள் அங்கே இலுப்பைப் பூவும் சால் இலையும் சேகரித்துப் பிழைத்தனர். சுரங்கக் கழிவுமண் மேடுகளில் பெரிதும் நடப்படுவதோ, வங்கத்தில் ஆகாஷ்மணி எனப்படும் ஆஸ்திரேலிய அகேசியா. மோசமான மண்ணிலும் விரைந்து வளரும். ஆடுமாடுகள் அதைக் கடிப்பதில்லை. அதனாலேயே அது ஒப்பந்ததாரருக்கு உகந்தது. அதனாலேயே மாடு வளர்ப்பவருக்குப் பயனற்றது. படத்தில் இரண்டும் பச்சையே.

எனவே நேரில் சென்று எண்ண வேண்டியவை உள்ளன: நட்டவற்றுள் பிழைத்தவை எத்தனை, எத்தனை இனங்கள், நடாமல் தானே முளைத்த கன்றுகள் உண்டா, மண்ணில் மக்கு சேர்ந்துள்ளதா, தனியே எடுத்துக் காக்க வேண்டிய வளமான மேல்மண் திரும்பப் பரப்பப்பட்டதா.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்றுண்டு. பசுமை திரும்பினாலும் நிலம் யாருக்குத் திரும்புகிறது? 1957ஆம் ஆண்டின் நிலக்கரிப் பகுதிகள் சட்டப்படி எடுக்கப்பட்டு, வெட்டி முடித்து மீட்கப்பட்ட நிலங்கள் குறித்து 2022 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. உடைமை அரசு நிலக்கரி நிறுவனங்களிடமே இருக்கும்; நிலக்கரி, எரிசக்தி சார்ந்த திட்டங்களுக்குக் குத்தகைக்கு விடலாம். நிலத்தை இழந்த விவசாயிக்கோ, அதில் கூலி வேலை செய்தவருக்கோ திருப்பித் தருவது அக்கொள்கையில் இல்லை. 2023 ஜூலையில் நெய்வேலி அருகே வளையமாதேவியில் நெற்பயிர்மீது மண்வாரி இயந்திரங்கள் ஏறியதைக் கண்ட கடலூர் விவசாயிகளுக்கும் இக்கேள்வியின் கனம் தெரியும்.

இதே வங்கத்தில், 1978இல் இடது முன்னணி அரசு ஆபரேஷன் பர்காவைத் தொடங்கியபோது, அதிகாரிகள் அலுவலகத்தில் அமர்ந்து பதிவேட்டை நிரப்பவில்லை. கிராமத்துக்குச் சென்று, குத்தகை விவசாயிகளைக் கூட்டி, ஊரறியப் பதிவு செய்தனர். சுமார் 14 லட்சம் பேரின் பெயர்கள் ஏறின. சுரங்க நிலத்துக்கும் அத்தகைய கணக்கெடுப்பே தேவை.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. செயற்கைக்கோள் அறிக்கை ஒவ்வொரு சுரங்கக் கிராமத்திலும் மக்கள்முன் அவர்கள் மொழியில் வாசிக்கப்பட வேண்டும். கள ஆய்வில் கிராமத்தினரும் தொழிற்சங்கமும் இடம்பெற வேண்டும். எந்த மரம் நடுவது என்பதை அம்மரத்தை நம்பி வாழ்வோர் தீர்மானிக்க வேண்டும். மீண்ட நிலத்தில் முதல் உரிமை அதை இழந்தோருக்கும் நிலமற்றோருக்கும் வேண்டும். சுரங்கங்கள் தனியாருக்கு ஏலம் விடப்படும் இக்காலத்தில் இவற்றைத் தள்ளிப்போட இயலாது.

முதலாளித்துவ வேளாண்மை மண்ணையும் உழைப்பாளியையும் ஒருசேரச் சூறையாடுகிறது என்று 'மூலதனம்' நூலில் மார்க்ஸ் நிறுவினார். சுரங்கத்துக்கும் அது பொருந்தும். மண்ணை மட்டும் மீட்டு, மனிதரை வெளியே நிறுத்துவது மீட்பாகாது.