நடந்தவர் பதியாத தெரு



பழைய புகைப்படங்களைப் பற்றிய கருத்தரங்குக்காக மதுரையில் கூடியிருக்கிறோம், மதுரையிலிருந்தே தொடங்குகிறேன். சென்னை மாகாண அரசு 1856இல் லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரியைத் தன் புகைப்படக்காரராக அமர்த்தியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அவர் கேமராவும் ரசாயனங்களுமாகத் தெற்கே புறப்பட்டார். ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை என்று அவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வந்தன.

அந்தப் படங்களில் பெரும்பாலும் ஆள் அரவம் இராது. ‘அந்தக் காலத்து ஊர் எவ்வளவு அமைதி!’ என்று பெருமூச்சு விடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அமைதியாவது ஒன்றாவது! காகித நெகட்டிவில் படம் பதிய நேரம் பிடிக்கும். நின்ற கல் பதிந்தது. நடந்த மனிதர் பதியவில்லை. வானமும் அப்படித்தான். நீல ஒளி காகிதத்தில் மிகுதியாக ஏறி, வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அதனால் டிரைப் நெகட்டிவின் மேல் வண்ணம் தீட்டி மேகங்களை வரைந்து சேர்த்தார். ஆக, இருந்த மக்கள் படத்தில் இல்லை. இல்லாத மேகங்கள் இருக்கின்றன. இதைத்தான் நாம் ‘நேரடிச் சான்று’ என்று அடிக்குறிப்பில் போடுகிறோம்.

அதற்காகத் தள்ளிவிடவும் முடியாது. நம் திருமலை நாயக்கர் மகாலையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் அண்ணாந்து பார்ப்பது, நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்த காலத்தில் தொடங்கிய பழுதுபார்ப்புக்குப் பின் வந்த தோற்றம். டிரைப் பார்த்தது அதற்கு முந்தைய சிதைவை. எந்தச் சுதை நாயக்கர் காலத்தது, எது பின்னாளில் பூசியது என்று வாதிடுபவர்கள் அந்தப் படங்களின் முன் உட்காராமல் வாதிடக் கூடாது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது தஞ்சைப் பெரிய கோயில் படம். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை டிரைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். அழகுக்காக எடுத்ததல்ல, படிப்பதற்காக எடுத்தது. கோயிலைக் கட்டியவர் யார் என்பதில் அன்று தலபுராணக் கதைகளே செல்லுபடியாகிக்கொண்டிருந்தன. கல்வெட்டு அறிஞர் ஹூல்ஷ் 1886இல் அந்தக் கல்வெட்டுகளைப் படித்த பிறகே, கட்டியவன் ராஜராஜன் என்பதில் ஐயம் நீங்கியது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்த எழுத்துகள் காகிதத்தில் ஏறிவிட்டன. கேமரா முந்திக்கொண்டது; படிக்கும் கண் பிந்தி வந்தது.

1859இல் ஆளுநராக வந்த ட்ரெவெல்யனுக்கு டிரைப்பின் புகைப்பட வேலை ஆடம்பரமாகப் பட்டது. பணம் நின்றது, பணியும் நின்றது. நிதிக்குழுக்களின் மனப்போக்கு அன்றே உருவாகிவிட்டது போலும்.

இன்று நிலைமை வேறு. படங்கள் குவிந்து கிடக்கின்றன, விவரம்தான் இல்லை. சென்ற ஆண்டு ஓர் உணவு விடுதிச் சுவரில் ‘பழைய மதுரை’ என்று சட்டமிட்டு மாட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். ஸ்ரீரங்கம்! கல்லாவில் இருந்தவரிடம் சொன்னேன், ‘கோபுரம் கோபுரம்தானே சார்’ என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆய்வேடுகளிலேயே ஆண்டும் எடுத்தவர் பெயரும் இல்லாத படங்கள் அச்சாகின்றன. எடுத்தவர் பெயர் என்றால் துரைமார் பெயர் மட்டுமல்ல. சென்னைத் தொழிற்கலைப் பள்ளி வழியாக இக்கலைக்கு வந்து டிரைப்புக்கு உதவியாக இருந்த ஐயாசாமியின் பெயரும் நம் அட்டவணைகளில் ஏற வேண்டும்.

மூன்று நாள் அமர்வுகளில் கட்டுரை படிப்பவர்களிடம் ஒன்றே கேட்கிறேன். திரையில் படத்தைக் காட்டும்போது அதன் பின்பக்கத்தையும் காட்டுங்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சில் குறிப்பு, விலை, ஒட்டியிருந்த ஆல்பத்தின் பசைத் தடம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.