தலைச்சுற்று

தலை சுற்றியதும் “பித்தம்” என்று சொல்லித் தேசிக்காய்த் தண்ணீர் பருகிப் படுத்துவிடுவது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். தேசிக்காயின்மேல் எனக்குப் பகையில்லை. ஆயினும் பித்தம் என்னும் அந்த ஒரு சொல் வெவ்வேறு நோய்களை மூடிவிடுகிறது.

வீடும் சுவரும் சுழல்வது ஒருவகை. இதன் காரணம் பெரும்பாலும் உட்செவியில் உள்ளது. அங்குள்ள மூன்று அரைவட்டக் குழாய்கள் உடலின் சமநிலையைக் காப்பன. இவற்றை ஆராய்ந்த ரொபர்ட் பாரானி 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார். நுண்ணிய சுண்ணத் துகள்கள் இக்குழாய்களுள் புகுந்துவிட்டால், படுக்கையிற் புரளும்போதே உலகம் சுழலும். மருத்துவர் தலையை முறைப்படி திருப்பியே இதனைத் தீர்ப்பதுண்டு.

கண் இருண்டு சாய்வது வேறுவகை. காலையுணவின்றி வந்து, காலைக் கூட்டத்தில் வெயிலில் நின்று சாயும் மாணவியை அறியாத ஆசிரியர் இலர். கால்களை உயர்த்திக் கிடத்தினால் தெளிவாள். அடிக்கடி நேரின் இரத்தச்சோகை உண்டா என்று சோதித்தல் வேண்டும். முதியோர்க்கு இரத்த அழுத்த மாத்திரையும் காரணமாகலாம். அதனைத் தாமாக நிறுத்துதல் தகாது.

தலைச்சுற்றுடன் முகம் கோணினும், நாக் குழறினும், கைகால் சோரினும், பொருள்கள் இரண்டாகத் தெரியினும், நிற்க இயலாது போயினும் மூளைக்குச் செல்லும் குருதி தடைப்பட்டிருக்கலாம். அப்போது எதனையும் பருகக் கொடுக்கலாகாது, புரையேறும். ஹந்தானையிலோ அக்குறணையிலோ பேருந்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய நோயாளர் காவு வண்டி கட்டணமின்றி வரும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துவைத்துக் கண்டி தேசிய வைத்தியசாலையிற் சொல்லுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றியாக வேண்டும்.