பெட்டியில் பத்து, மேடையில் நான்கு

(குறுவளமையக் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



மிக்சர் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். நான் ஒலிப் பொறியாளர் இல்லை; அறிவியல் ஆசிரியை. பள்ளிக்கு ஒரு மிக்சர் வாங்க அலைந்தவள், அவ்வளவுதான்.

மூன்றாண்டுகளுக்கு முன் எங்கள் ஆண்டு விழா நாடகத்தில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தாயாக நடித்தாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. இரண்டு மாதம் ஒத்திகை பார்த்துத் தேறியிருந்தாள். மேடையில் இரண்டே மைக். இரண்டும் நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகப்பட்டிருந்தன. அவள் பேசியது கேட்கவில்லை. ஒலியைக் கூட்டினால் 'கூ' என்று ஊளை. அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து பின்வரிசையில் நின்றிருந்தார் அவளுடைய அம்மா. "எங்க அம்மாவுக்கு ஒண்ணுமே கேக்கலையாம் டீச்சர்" என்றாள் மறுநாள்.

அந்த ஆம்ப்ளிஃபயரில் பேஸ், டிரெபிள் இரண்டும் எல்லா மைக்குக்கும் பொது. மிக்சரில் ஒவ்வொரு மைக்குக்கும் தனித்தனி. மெல்லிய குரலுக்கு அதன் கெயின் திருகை மட்டும் கூட்டலாம்.

கடையில் பெட்டியின் மேல் '10 சேனல்' என்று பார்த்ததும் பத்து மைக் போடலாம் என்று மகிழ்ந்தோம். அப்படியில்லை. யமஹா எம்ஜி10 மிக்சரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மைக்குக்கு உரியவை நான்குதான். மற்றவை பாட்டுக் கருவி, கைப்பேசி போன்றவற்றுக்கான மூன்று ஸ்டீரியோ ஜோடிகள். எம்ஜி12-இல் ஆறு மைக் போடலாம். ஆகவே எண்ணைப் பார்க்காதீர்கள். மூன்று முனை மைக் செருகும் துளைகளை விரலால் தொட்டு எண்ணுங்கள். எங்களுக்குத் தொகுப்பாளருக்கு ஒன்று, நாடகத்துக்கு மூன்று, பாட்டுக்கு ஒன்று, தபேலாவுக்கு ஒன்று என ஆறு தேவைப்பட்டது.

லோ கட் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். மைதானத்துக் காற்றும் மேடைப் பலகையில் பிள்ளைகள் குதிக்கும் 'தொம் தொம்' சத்தமும் அதில் பெருமளவு அடங்கும். கண்டென்சர் மைக் வைத்திருப்பவர்களுக்கு 48 வோல்ட் ஃபாண்டம் பவர் வேண்டும். சாதாரண டைனமிக் மைக்குக்குத் தேவையில்லை. எக்கோவுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். பிள்ளைகளின் உச்சரிப்பைக் குழப்புவதில் அதற்கு நிகரில்லை!

டிஜிட்டல் வாங்கலாமே என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்டார்கள். அனலாகில் ஒரு வேலைக்கு ஒரு திருகு, எல்லாம் கண்முன்னே. மாணவர்களே இயக்க அதுதான் வசதி.

மிக்சர் வந்தால் ஊளை தானாக நின்றுவிடாது. ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பானால், ஊளை வராமல் கூட்டக்கூடிய ஒலி சுமார் 3 டெசிபல் குறைகிறது. பேசாதவர் மைக்கை உடனே இறக்க வேண்டும். அதற்கு, நாடகம் தெரிந்த ஒருவர் மிக்சரில் உட்கார வேண்டும்.

எங்கள் பள்ளியில் உட்காருபவள் அந்த மாணவிதான். இப்போது பத்தாம் வகுப்பு. ஒவ்வொரு சேனலுக்கும் கீழே டேப் ஒட்டிப் பிள்ளைகளின் பெயரை எழுதிவிடுவாள். ஒத்திகையின்போது பின்வரிசைக்குப் போய் நின்று கேட்டுவிட்டு வந்துதான் திருகுகளைத் தொடுவாள்.

மிக்சரைக் கொண்டுவந்திருக்கிறேன். இடைவேளையில் திருகிப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரை மட்டும் கடைசியில் போட்டு, முதலில் அணையுங்கள்.