ஜப்பானியப் பேரரசி மிச்சிகோ

உலகில் இன்றளவும் நிலைத்திருக்கும் அரியணைகளுள் மிகப் பழைமையானது ஜப்பான் நாட்டு அரியணை. அதற்கு உரிய இளவரசர், அரச குலமோ பிரபுக் குலமோ அல்லாத ஒரு குடும்பத்தில் பெண்ணெடுத்தது 1959-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாளன்று. மணமகன் அகிஹிதோ, மணமகள் மிச்சிகோ, கோதுமை மாவு ஆலை நிறுவனமொன்றின் தலைவரான ஷோதா ஹிதெசபுரோவின் மகள். கருயிசாவா என்னும் மலையூரில், டென்னிஸ் ஆடுகளத்தில் அரும்பிய நட்பு அது. மண ஊர்வலத்தைக் காண்பதற்கென்றே அந்நாட்டு மக்கள் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினர். அந்தக் கோலாகலம் அனைவரும் அறிந்ததே. நாம் பேசப்போவது அதைப் பற்றியன்று.

பழகிய இடத்தைவிட்டுப் பெயர்ந்து வாழ்தல் அவருக்கு இருமுறை வாய்த்தது. முதன்முறை, போர்க்காலத்தில். 1934-இல் தோக்கியோவில் பிறந்த அவர், குண்டுவீச்சுக்கு அஞ்சி வெளியூர்களுக்கு அனுப்பப்பட்ட எண்ணற்ற சிறுமியருள் ஒருத்தி. ஓரூர் பழகுமுன் மற்றோரூர். ஒரு பள்ளியில் தோழியர் கிடைக்குமுன் மற்றொரு பள்ளி. நகரத்திலேயே தங்கிவிட்ட தந்தை, மகளைக் காண வரும்போது ஓரிரு புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுப்பார். ஒன்று, நாட்டின் பழங்கதைகளைச் சிறுவர்க்கு ஏற்பச் சொல்வது. மற்றொன்று, உலக இலக்கியத் திரட்டு. அத்திரட்டில், அன்று பகைநாடாகக் கருதப்பட்ட அமெரிக்காவின் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் பாடிய கவிதையொன்றும் இருந்தது!

அம்பர்நாத்திலும் தாராவியிலும் செம்பூரிலும் குடியேறிய நம்மவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பம்பாயில் வேலை முடித்துக் கல்யாண் கடந்து செல்லும் ரயிலில் நின்றபடியே வீடு திரும்பும் தந்தை, மாதுங்காவில் வாங்கிய தமிழ்க் கதைப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டுகிறார். பிள்ளையோ மராத்தியில் கேள்வி கேட்டுக்கொண்டே அதைப் புரட்டுகிறது.

இரண்டாம் முறை அவர் இடம்பெயர்ந்தது அரண்மனைக்குள். அங்கே பேச்சுக்கும் நடைக்கும் தனி முறைமை உண்டு. பிறந்த வீட்டாரை நினைத்தபோது காண இயலாது. ஆலைக்காரர் வீட்டுப் பெண் என்ற ஏளனமும் அங்கே இருந்தது. எனினும் அவர் ஒன்றில் விட்டுக்கொடுக்கவில்லை: அரச குழந்தைகளைப் பிறர் கையில் ஒப்படைக்கும் வழக்கத்தை மாற்றி, தம் மூன்று மக்களையும் தாமே பாலூட்டி வளர்த்தார். தம் சமையலறையில் தாமே அவர்களுக்கு உணவு சமைத்தார். 1960-ஆம் ஆண்டின் இறுதியில் இளவரசர் தம்பதியர் பம்பாய், தில்லி, கல்கத்தா முதலிய நகரங்களுக்கு வந்தபோது, மூத்த மகன் நருஹிதோவுக்கு வயது ஒன்பது மாதமே. அக்குழந்தையை நாட்டில் விட்டுவிட்டு, புன்முறுவலோடு நம் ஊரில் மாலை ஏற்ற இருபத்தாறு வயதுத் தாயை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1989-இல் பேரரசியானார். 1993-இல் சில வார இதழ்கள் அவரைக் கடுமையாகத் தாக்கி எழுதின. அவ்வாண்டு அக்டோபர் 20-ஆம் நாள், தம் 59-ஆம் பிறந்தநாளன்று, மயங்கி வீழ்ந்தார். எழுந்தபோது பேச்சு எழவில்லை. சில மாதங்கள் அந்நிலை நீடித்தது. அதற்கிடையிலும் கடமைகளைக் கைவிட்டாரில்லை. பின்னர்ச் சிறிது சிறிதாகக் குரல் திரும்பியது.

அந்தக் குரல் நம் நாட்டை எட்டிய செய்தி சுவையானது. 1998 செப்டம்பரில் தில்லியில் சிறுவர் நூல்களுக்கான உலக மாநாடு கூடியது. ஜப்பானியக் கவிஞர் மாதோ மிச்சியோவின் சிறுவர் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் என்ற முறையில் பேரரசியாரை அழைத்திருந்தனர். ஆனால் அவ்வாண்டு மே மாதம் நம் நாடு அணுகுண்டுச் சோதனை நடத்தியதை அடுத்து அவர் வருகை தடைப்பட்டது. உரை மட்டும் ஒளிப்பதிவாக வந்து சேர்ந்தது. சிறுவயதில் தாம் கேட்ட நத்தைக் கதையொன்றை அதில் நினைவுகூர்ந்தார். தன் ஓட்டினுள் துயரமே நிறைந்திருப்பதை ஒரு நத்தை ஒருநாள் உணர்கிறது. இனி வாழ இயலாதென்று நண்பரிடம் முறையிடுகிறது. ‘என் ஓட்டிலும் அதுவேதான்’ என்கிறது அந்த நத்தை. அடுத்ததும் அவ்வாறே. பிறகு அது முறையிடுவதை நிறுத்திவிடுகிறது. நூல்கள் தமக்கு ஊன்றி நிற்க வேரும் பறந்து செல்லச் சிறகும் தந்தன என்பதும் அவ்வுரையின் சாரம். ஐந்தாண்டுகளுக்கு முன் பேச்சிழந்து நின்றவர் கூறியது என்பதனால் அவ்வுரைக்கு நம்மிடையே தனி மதிப்பு உண்டு.

பதினைந்து ஆண்டுகள் கழித்து அவர் நேரிலேயே வந்தார். 2013 டிசம்பரில் தம்பதியர் தில்லியோடு நம் சென்னைக்கும் வந்து, கலாக்ஷேத்திராவில் இளைஞர் ஆடலையும் பாடலையும் கண்டுகளித்தனர். உடற்குறையுள்ள பிள்ளைகள் பயிலும் நிலையமொன்றிற்கும் சென்றனர். அப்போது பேரரசியாருக்கு வயது 79.

2019 ஏப்ரல் 30-ஆம் நாள் பேரரசர் அரியணை துறந்தார். அதற்கு முந்தைய அக்டோபரில், ஓய்வு பெற்றபின் என்ன செய்வதாக எண்ணம் என்பது பற்றிப் பேரரசியார் குறிப்பிட்டார். படிக்க நேரமின்றி ஒதுக்கிவைத்த நூல்களைப் படிக்க வேண்டுமாம். ஆங்கில நகைச்சுவையாசிரியர் உட்ஹவுஸ் எழுதிய ஜீவ்ஸ் கதைகள் இரண்டு மூன்று அருகிலேயே காத்திருக்கின்றனவாம்.