வாயில் திறந்தது, வழி திறந்ததா?



கூலிவேலை செய்யும் தாயொருத்தியின் மகள் அரசுப் பள்ளியில் தமிழ்வழி பயின்று, நன்மதிப்பெண் பெற்றுக் கல்லூரி வாயிலில் வந்து நிற்கின்றாள். அவள் உள்ளே போக எத்தனைக் கதவுகள் திறக்கவேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதற்கதவு நுழைவுத்தேர்வு. 1984-இல் தமிழ்நாட்டில் மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்குப் புகுத்தப்பட்ட அத்தேர்வு, 2006-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால் ஒழிந்தது. சிற்றூர்ப் பிள்ளைகள் பத்தாண்டுக் காலம் மூச்சுவிட்டனர். 2017-இல் 'நீட்' தேர்வு வந்து மருத்துவக் கல்வியின் கதவை மீண்டும் அடைத்தது. 1200-க்கு 1176 மதிப்பெண் பெற்ற குழுமூர் அனிதாவை அவ்வாண்டு செப்டம்பரில் இழந்தோம். பணமுள்ள வீட்டுப் பிள்ளை தனிப்பயிற்சிக்குச் சென்று இரண்டாம் முறை எழுதும், மூன்றாம் முறையும் எழுதும். கூலிக்காரன் மகள் ஓராண்டு வீட்டிலிருந்தால் மறு ஆண்டு அவளுக்கு நூற்பாலை வேலை, அன்றேல் திருமணம். இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச்சொல்வதற்குத் 'தகுதி' என்று பெயராம்!

2020-இல் தமிழ்நாட்டரசு ஒரு சட்டம் செய்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்று, நீட்டிலும் தேறியோர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு உள்ளொதுக்கீடு. அதுவரை விரல்விட்டு எண்ணத்தக்க அளவே நுழைந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள், பல் மருத்துவமும் சேர்த்து அவ்வாண்டில் 400-க்கு மேற்பட்ட இடங்களைப் பெற்றனர்.

ஆயின் நடந்ததென்ன? தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளைகள் சிலர், கட்டணத்தைக் கேட்டதும் கலந்தாய்வு மன்றத்திலேயே இடத்தை விட்டுவிட்டுத் திரும்பினர். கையிற் கிடைத்த மருத்துவப் படிப்பை வேண்டாவென எழுதிக் கொடுத்துவிட்டுப் பேருந்தேறிய தந்தையரின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்! அதன்பின்னரே, அந்த நவம்பரில், கட்டணத்தை அரசே ஏற்கும் என்னும் அறிவிப்பு வந்தது. சட்டம் செய்த அன்றே செய்திருக்க வேண்டிய செயல் அது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அவ்வொதுக்கீடு விரிந்தபோது கட்டணமும் விடுதிச் செலவும் அரசின் பொறுப்பாயின. நன்று.

எஞ்சி நிற்பது மூன்றாங்கதவு. அதைப் பற்றிப் பேசுவார் அரியர். பன்னீராண்டு தமிழில் எண்ணிய பெண் முதல்நாள் வகுப்பில் ஆங்கில மழையில் நனைகின்றாள். பாடம் விளங்காமையன்று அவள் இடர். குருதியோட்டம் அவளுக்குத் தெரியும், விசையும் திசையும் தெரியும். கேள்வி புரிவதற்குள் பேராசிரியர் அடுத்த பக்கம் போய்விடுகின்றார். ஐயம் கேட்க எழுந்தால் பின்வரிசை சிரிக்கும். பருவத்தேர்வில் தோற்றபின், 'ஒதுக்கீட்டில் வந்தவள்தானே' என்பர்.

தமிழில் இவை கற்பிக்க இயலாவென்போர் யாழ்ப்பாணத்து மானிப்பாயைப் பார்க்கட்டும். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தாமே தமிழ் கற்று, 1860-களில் அங்கு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழில் வெளியிட்டார். அயலார்க்கு இயன்றது! இங்கோ 2010-இல்தான் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியல், எந்திரவியல் இரண்டையும் தமிழ்வழி தொடங்கியது. 2023-இல் உறுப்புக் கல்லூரிகளில் அதனை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பெழுந்தபின் திரும்பப் பெற்றது. நூலும் வேலையும் உறுதியாகாத படிப்பில் பிள்ளைகள் சேரத் தயங்குவது அவர்தம் குற்றமன்று.

அரசு செய்யட்டும். அதுவரை, கல்லூரியில் முதலாண்டு பயிலும் பிள்ளைகளுக்குப் பாடச்சொற்களைத் தமிழில் விளக்க, மாலைதோறும் ஒரு நாழிகை ஒதுக்கத் தமிழாசிரியர்க்கும் பட்டம் பெற்ற இளைஞர்க்கும் இயலும். முதற்பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றுக்காக அலையும் பெற்றோர்க்குத் துணைபோகவும் ஆள் வேண்டும். தேர்வு முடிவு வெளியாகும் மே திங்களில் அவரவர் ஊர் அரசுப் பள்ளியில் உட்கார்ந்து எழுதித்தர முன்வருவோர், கூட்டம் முடிந்ததும் வாயிலருகே உள்ள ஏட்டில் பெயரும் ஊரும் எழுதிச் செல்க.